காத்திருந்து எடுத்த மான்: அம்பு வேட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் மாநிலத்தின் தெற்குக் கோடியில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டிய மலைக்காட்டில், அக்டோபர் கடைசி வாரத்து மாலை ஒன்றில் எட்டுக் கிளைக் கொம்பன் ஒன்றின் மேல் அம்பு பட்டது. அப்போது மணி 5:40. மறுநாள் காலை எட்டரைக்கு மான் கிடைத்தது. இடையில் ஓடிய பதினைந்து மணி நேரத்தில் காட்டுக்குள் நடந்தது மிகக் கொஞ்சம். வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாதாடியதுதான் அதிகம். அந்த வாதத்தில் நானும் ஒரு கட்சி என்பதால் இந்த எழுத்து முழுக்க நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அம்பு எய்தவர் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர், குழாய் வேலை செய்பவர், சிறு வயதிலிருந்தே வில்லோடு பழகியவர். நிலம் ஒரு விவசாயியுடையது. பல வருடங்களாக அங்கே வேட்டையாட இவருக்கு அனுமதி உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் மேல் கை வைப்பதே குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. வெண்வால் மான் அங்கே பயிரையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து தீர்க்கும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. மாநில அரசே உரிமம் கொடுத்து, பருவம் குறித்து, எண்ணிக்கையை வேட்டை மூலம் கட்டுக்குள் வைக்கிறது. நியூயார்க்கின் தென்பகுதியில் வில்லுக்கான பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி, நவம்பர் நடுவில் துப்பாக்கிப் பருவம் வரும்வரை நீடிக்கும்.

வில்லுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாடு இந்த நிகழ்வின் ஆணிவேர். தோட்டா அதிர்ச்சியாலும் திசுவைச் சிதைப்பதாலும் வீழ்த்துகிறது. அம்பு வெட்டுகிறது, அவ்வளவுதான். ரத்தம் போய்த்தான் விலங்கு சாகும். இரண்டு நுரையீரலும் அறுபட்டால் சில வினாடிகளில், நூறு மீட்டருக்குள் கதை முடியும். கொஞ்சம் பின்னால் பட்டால் அதே அம்பு, அதே முனை, மணிக்கணக்கில் இழுக்கும். மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில், குறி தவறாமல் எய்யத் தெரியும் என்று தேர்வில் காட்டிய வில்லாளர்களை மட்டும் அனுமதித்து, 1989 முதல் 2006 வரை பதிவு வைத்திருந்தார்கள். அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கடைசிவரை கைக்கு வரவில்லை. தேர்ந்த கைகளிலேயே ஐந்தாறில் ஒன்று. வில் வேட்டை என்பது எய்வது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எய்த கணம்

பரண், தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓர் ஓக் மரத்தில் கட்டப்பட்டிருந்தது. 60 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்டு வில், அதாவது கப்பிகள் பொருத்திய நவீன வில். அம்பின் முனை, மூன்று அலகுள்ள, விரியாத வகை பிராட்ஹெட் என்ற வெட்டுமுனை. மான் தன் இடப்பக்கத்தைக் காட்டியபடி, சற்றே அப்பால் திரும்பிய கோணத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தது. தூரம் 24 மீட்டர்.

நடக்கும் மானை நிறுத்த, வில்லை இழுத்த பிறகு வாயால் 'மே' என்று ஒரு சத்தம் கொடுப்பது வழக்கம். மான் நின்று காதைத் தூக்கும். அப்போது விட வேண்டும். இவர் சத்தம் கொடுத்ததும் அம்பை விட்டதும் ஒரே கணத்தில் நடந்துவிட்டன. மான் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது.

அந்த ஓர் அடி எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். அம்பின் வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 24 மீட்டரைக் கடக்க 0.3 வினாடி. வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடக்கும் மான் அதற்குள் 30 சென்டிமீட்டர் முன்னே போயிருக்கும். முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால் வைத்த குறி 30 சென்டிமீட்டர் பிந்தினால் அங்கே நுரையீரல் இல்லை, வயிறுதான் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மானிடமும் வேறொரு சிக்கல் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால், நாண் அதிரும் சத்தம் அம்புக்கு வெகு முன்பே மானின் காதில் விழுந்துவிடும். பாய்வதற்காக அது முதலில் காலை மடக்கித் தாழும். அம்பு குறிக்கு மேலே படும். இன்னும் வேகமான வில்லை வாங்கினால் இதெல்லாம் தீரும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஒலியை முந்தும் வில்லை இதுவரை யாரும் விற்கவில்லை.

அம்பு பட்டதும் மான் பின்னங்காலை உதைக்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நாலைந்து பாய்ச்சல் பாய்ந்தது, முப்பது மீட்டரில் நின்றது, திரும்பிப் பார்த்தது. அப்புறம் வாலைத் தாழ்த்திக்கொண்டு, ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த பள்ளத்துக்குள் மெல்ல நடந்து மறைந்தது. இவ்வளவையும் அவர் பரணிலேயே கைபேசியில் குறித்துவைத்தார். ஆனால் எனக்கு அனுப்பிய செய்தியில் இருந்தது வேறு: "நல்ல அடி. நுரையீரல் என்று நினைக்கிறேன்."

வேட்டைக்காரர்களிடம் இது சகஜம். கண்ணால் பார்த்ததை ஒரு பக்கமும், மனசு விரும்பியதை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டாவதை நம்புவார்கள். நுரையீரலில் அடிபட்ட மான் பெரும்பாலும் தரையோடு தரையாகத் தலைதெறிக்க ஓடும். கூனிக்கொண்டு நடந்து போன மான் வயிற்றில் அடிபட்டதாகத்தான் இருக்கும். அவர் எழுதிய குறிப்பிலேயே விடை இருந்தது.

அம்பைப் படித்தது

அரை மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு இறங்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் அம்பு குத்தி நின்ற இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்கவில்லை. இந்த நிகழ்வில் மிகச் சரியாக நடந்த காரியம் இதுதான் என்பேன்.

அம்பு உடலை ஊடுருவி, மறுபுறம் மண்ணில் பாதி புதைந்து நின்றது. தண்டில் கருஞ்சிவப்பு ரத்தம். நுரை இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. பின்னிறகுகளில் பச்சையும் பழுப்புமாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்று அரைபட்ட தழைத் துணுக்கு. முகர்ந்தால் சந்தேகமே வராது: ஆட்டுக் குடலைக் கழுவும்போது வரும் அதே புளித்த நாற்றம். தரையில் கொஞ்சம் முடி கிடந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்தது பாதி, சொரசொரப்பான வெள்ளை மீதி. வெள்ளை முடி அடிவயிற்றுப் பக்கத்தது. பரணிலிருந்து கீழ்நோக்கி எய்த அம்பு மேலே நுழைந்து தாழ வெளியேறும் என்பதால், வெளியேறிய வாய் அடிவயிற்றை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

மேப்பிள் சருகு ஒன்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அக்டோபரில் அந்தக் காட்டில் எந்தச் சருகில்தான் சிவப்பு இல்லை? அவர் சட்டைப்பையிலிருந்த சின்னத் தெளிப்பானால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்தார். ரத்தமானால் பொங்கி நுரைக்கும். இது நுரைக்கவில்லை. இலையின் சொந்த நிறம்.

பச்சைச் சாறு சரி, அது பெருவயிறு. கருஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது? இங்கே மானின் உள்ளமைப்பு தெரிந்திருந்தால் உதவும். அசைபோடும் விலங்குகளில் பெருவயிறு உடலின் இடப்பக்கத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொள்கிறது. ஈரல் உதரவிதானத்தை ஒட்டி வலப்பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் நுழைந்த அம்பு, மான் சற்று அப்பால் திரும்பி நின்றதால், உடலுக்குள் முன்னோக்கி வலமாகச் சென்றிருக்கும். அப்படியானால் போகும் வழியில் பெருவயிற்றைத் துளைத்து, வெளியேறும் முன் ஈரலைத் தொட்டிருக்கலாம். அம்பில் இருந்த இரண்டு நிறங்களுக்கும் இந்த ஒரே பாதை பொருந்தியது.

எந்த உறுப்பில் பட்டது என்பதை வைத்தே காத்திருக்கும் நேரம் முடிவாகிறது. ஈரலில் பட்ட மானுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் கொடுப்பார்கள். பெருவயிறோ குடலோ மட்டும் துளைபட்டால் எட்டு முதல் பன்னிரண்டு, சில சமயம் அதற்கும் மேல். இரண்டும் கலந்த அறிகுறி தெரிந்தால் எதை எடுத்துக்கொள்வது? என் பதில், நீண்டதைத்தான். ஈரலின் ஓரம் மட்டும் கீறப்பட்டிருந்தால் அது பெரிய ரத்தக்குழாயைத் தொடாமல் போயிருக்கலாம். மான் அன்றிரவு முழுக்க உயிரோடு படுத்திருக்கலாம்.

வயிற்றில் அடிபட்ட மானின் நடத்தை ஓரளவு கணிக்கக்கூடியது. யாரும் துரத்தாவிட்டால் அது வெகுதூரம் போகாது. முதல் இரண்டு மூன்று நூறு மீட்டருக்குள் ஏதாவது மறைவில் படுத்துவிடும். அங்கேயே விட்டால் பெரும்பாலும் அங்கேயோ அருகிலேயோ சாகும். எழுப்பிவிட்டால்தான் ஆபத்து. துளையைக் கொழுப்போ குடலோ அடைத்துக்கொள்ளும், வெளியே ஒரு சொட்டு விழாது, மான் ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போய் யாருக்கும் தெரியாத புதரில் விழும். கிடைக்காமல் போன மான்களின் கதைகளைக் கேட்டால், பலவற்றில் 'ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கப் போனோம், எழுந்து ஓடியது' என்ற வரி எங்காவது இருக்கும்.

அம்பைப் பையில் போட்டுக்கொண்டு, மான் போன திசைக்கு நேர் எதிர்த் திசையில் வெளியே வந்தோம்.

வண்டி அருகே நடந்த வாதம்

முடிவு இத்தனை தெளிவாக இருந்தால் வாதம் எதற்கு? மழை. இரவு ஒரு மணிக்குத் தொடங்கி விடியும்வரை பெய்யும் என்று வானிலை முன்னறிவிப்பு சொன்னது. மாலை வெப்பம் 14 டிகிரி. விடியலில் 7 அல்லது 8 வரைதான் இறங்கும். உறைபனி விழும் இரவாக இருந்தால் இறைச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இது அப்படிப்பட்ட இரவு இல்லை. போதாததற்கு அந்தப் பள்ளத்தில் கொயோட்டிகளின், அதாவது ஓநாயைப் போன்ற சிறிய காட்டுவிலங்குகளின், ஊளை அடிக்கடி கேட்கும்.

அவருடைய வாதம் இது: பத்து மணிக்கு விளக்கோடு போவோம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஈரல் கணக்குக்குச் சரி. மழை வந்துவிட்டால் ரத்தத் தடம் மொத்தமும் கழுவிக்கொண்டு போய்விடும், காலையில் எதைப் பார்த்து நடப்பது?

என் வாதம்: கழுவிப் போக அங்கே ரத்தம் எங்கே இருக்கிறது? அம்பு நின்ற இடத்திலேயே தரையில் ஒரு சொட்டுக் கூட இல்லை. வயிற்றுக் காயத்தில் ரத்தம் உள்ளேயே தேங்கும். இல்லாத தடத்தைக் காப்பாற்ற ஓடி, இருக்கும் மானை எழுப்பிவிடுவோம். மழையால் நமக்கு நட்டம் கொஞ்சம்தான். கால் சத்தத்தால் எல்லாமே போகும்.

இந்த விஷயத்தில் வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் மணிக் கணக்குகளை நான் அப்படியே நம்புவதில்லை. நாலு மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்பதெல்லாம் மான் எப்போது சாகும் என்பதற்கான கடிகாரம் அல்ல, பொறுமை இல்லாதவர்களைப் பிடித்து வைக்கும் கயிறு. ஈரலில் பட்ட மான் ஒரு மணி நேரத்தில் செத்ததும் உண்டு, எட்டு மணி நேரம் தாங்கியதும் உண்டு. உண்மையான கேள்வி ஒன்றே: இப்போது போனால், உயிரோடு இருந்தால் எழுந்து எங்கே ஓடும்? திறந்த வயலும் அதன் நடுவே சின்னத் தோப்புமாக இருந்தால் துணிந்து போகலாம். இங்கே பள்ளத்தின் மறுகரையில் தொடர்ச்சியான காடு, அதுவும் வேறொருவர் நிலம்.

அவரை இணங்கவைத்தது என் வாதம் இல்லை. "நாயைக் கூப்பிடலாமே" என்று நான் சொன்னதுதான்.

வார் கட்டிய நாய்

காயம்பட்ட மானை நாய் கொண்டு தேடுவது ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், நூற்றாண்டுப் பழக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலோ இது நெடுங்காலம் சட்டவிரோதம். நாய்களை ஏவி மான்களைத் துரத்தி அழித்த பழைய காலத்துக்கு எதிராக வந்த சட்டங்கள், நாயையும் மானையும் ஒரே காட்டில் சேர்த்துப் பார்க்கவே மறுத்தன. நியூயார்க்கில் இதை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஜான் ஜெனனி. ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், கம்பிமுடி டாக்ஸ்ஹண்ட் என்ற குட்டைக்கால் வேட்டைநாய்களை வளர்த்தவர். 1970-களின் நடுவில் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையிடம் ஆய்வு அனுமதி வாங்கி, வார் கட்டிய நாயோடு காயம்பட்ட மான்களைத் தேடிக் காட்டினார். அவரைச் சுற்றிச் சேர்ந்தவர்கள் 'டீர் சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1986-இல் நியூயார்க்கில் இது சட்டப்பூர்வமானது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா 2018 வரை காத்திருந்தது. ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கிய அனுமதி ஒரு மாநிலத்தின் சட்டத்தையே நகர்த்தியது, அதுவும் ஒரு வரலாற்றுப் பேராசிரியரால் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இன்று உரிமம் பெற்ற நாய்க்காரர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். நாங்கள் கூப்பிட்டது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையை. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "தடத்தில் யாராவது நடந்தீர்களா?" என்பதுதான். இல்லை என்றதும் குரலே மாறியது. அம்பு இருக்கிறதா, எந்தப் பக்கம் நுழைந்தது, மான் எப்படி நடந்தது, வால் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "காலை ஏழரைக்கு வருகிறேன். அதுவரை யாரும் உள்ளே போகாதீர்கள், எட்டிப் பார்க்கக்கூடப் போகாதீர்கள்" என்றார். மழையைப் பற்றி நாங்கள் புலம்பியபோது சிரித்தார். நாய் பின்தொடர்வது ரத்தத்தை மட்டும் அல்ல. மானின் குளம்புப் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அதன் வாசம் மண்ணில் ஒட்டுகிறது. பழகிய நாய் அந்தத் தனி மானின் வாசத்தையும் காயத்தின் வாசத்தையும் சேர்த்துப் பிடிக்கும். மிதமான மழை அதற்குப் பெரிய தொந்தரவு இல்லை. காய்ந்து சூடான தரையும் காற்றும்தான் தொந்தரவு.

அன்றிரவு செய்ய வேண்டிய இன்னொரு வேலை பள்ளத்தின் மறுகரை நிலத்துக்காரரிடம் பேசுவது. அடிபட்ட மானாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க நியூயார்க்கில் யாருக்கும் உரிமை கிடையாது. இதை மான் கிடைத்த பிறகு வேலியோரம் நின்று கேட்பவர்கள்தான் அதிகம். முன்னிரவிலேயே தொலைபேசியில் கேட்டதால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

தேடல்

மழை சொன்னபடி ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிவரை பெய்தது. காலை ஏழே முக்காலுக்கு நாய் இறங்கியது. ஆறு வயதுப் பெண் டாக்ஸ்ஹண்ட், கழுத்துப் பட்டையில் பத்து மீட்டர் வார். ஆசிரியை அதனிடம் அம்பைக் காட்டினார், அம்பு நின்ற இடத்தைக் காட்டினார். நாய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூக்கைத் தரையோடு வைத்து, மான் நின்று திரும்பிப் பார்த்ததாக அம்பு எய்தவர் சொன்ன இடத்துக்கு நேராகப் போனது.

அறுபது மீட்டர் போனதும், மான்கள் வழக்கமாகப் போகும் ஒற்றையடிப் பாதை குறுக்கிட்டது. நாய் அதில் திரும்பி உற்சாகமாக இழுத்தது. எங்களுக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றியது. ஆசிரியை வாரைத் தளர்த்தாமல் நின்றுவிட்டார். "தலை உயர்ந்துவிட்டது. இது இரவு நடந்த வேறொரு மான்." திரும்ப அழைத்துவந்து, பாதைக்கு முன்னிருந்த இடத்தில் மறுபடி விட்டார். இந்த முறை நாய் வேகம் குறைந்து, பாதையைக் கடந்து, சரிவில் இறங்கியது. நாய் தேடுகிறது, மனிதர் பின்னால் போகிறார் என்று நினைத்திருந்தேன். நாய் எப்போது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது மனிதரின் வேலை, அதுதான் கடினமான பாதி.

வழியெங்கும் ரத்தம் என்று நான் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை. மழைக்கு முன்பு இருந்திருந்தாலும் அதிகம் இருந்திருக்காது என்பது முதல் படுக்கையில் தெரிந்தது. அம்பு பட்ட இடத்திலிருந்து 130 மீட்டரில், தாழ்ந்து கவிந்த ஹெம்லாக் கிளைகளுக்கு அடியில், மழை அவ்வளவாக எட்டாத சருகில் மான் படுத்த பள்ளம். நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கருஞ்சிவப்பு, உறைந்து கட்டியாகி, ஓரத்தில் பச்சை. மான் அங்கே நெடுநேரம் படுத்திருந்திருக்கிறது. நாங்கள் அம்பைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்துக்கும் இதற்கும் இடையே வெறும் 130 மீட்டர். இருட்டில் பேசிக்கொண்டே நாலு அடி கூடுதலாக நடந்திருந்தால் எங்கள் பேச்சு அதன் காதில் விழுந்திருக்கும்.

அங்கிருந்து தடம் பழைய கல்வேலி ஒன்றைத் தாண்டி ஓடைக்கு இறங்கியது. வயிற்றில் அடிபட்ட மான் தண்ணீரைத் தேடும் என்பது வேட்டைக்காரர்கள் எல்லாரும் சொல்வது. இருக்கலாம். ஆனால் மலைப்பகுதியில் மறைவு அடர்ந்த இடங்களும் ஓடைக்கரைகள்தான். மான் எதற்காகப் போனது என்று அதைத்தான் கேட்க வேண்டும். ஓடையைக் கடந்து, மறுகரையில் ஒரு சின்ன மேட்டில், மொத்தம் 310 மீட்டர் தொலைவில் மான் கிடந்தது. நாய் ஒரு முறை குரைத்துவிட்டுக் காதைக் கடித்து இழுக்க ஆரம்பித்தது. நாய்க்காரர் நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இமை திறந்திருந்தது, அசைவில்லை.

வலப் பின்தொடையின் மேற்பகுதியை ஏதோ தின்றிருந்தது. பல் குறிகளைப் பார்த்தால் கொயோட்டி. சப்பையில் பாதி போய்விட்டது.

உடல் சொன்னது

அங்கேயே உரிமச்சீட்டை நிரப்பிக் கட்டிவிட்டு, வயிற்றைத் திறந்தார்கள். அம்பின் பாதை அம்பில் படித்தபடியே இருந்தது: இடப்பக்கம் கடைசி விலாவுக்கு இரண்டு விரற்கடை பின்னால் நுழைவு, பெருவயிற்றின் முன்பாதியில் துளை, ஈரலின் வலப்புற ஓரத்தில் மூன்று அலகுகளின் வெட்டு, அடிவிலாவை ஒட்டி வெளியேற்றம். நுரையீரல் இரண்டும் முழுசாக இருந்தன. வெளியேறிய துளையை வயிற்றுச் சவ்வு ஒன்று தக்கைபோல அடைத்திருந்தது. வயிற்றுக்குழிக்குள் ரத்தமும் தழைச்சாறும் கலந்து நிறைந்திருந்தது. வெளியே ஒன்றும் சிந்தாததற்குக் காரணம் அதுதான்.

இறைச்சியில் இழப்பு உண்டு. முதுகெலும்புக்கு உள்புறமாக ஓடும் மென்சதை இரண்டும் சாற்றில் ஊறிப்போயிருந்தன, தூக்கி எறிந்தார்கள். தின்னப்பட்ட தொடை போயிற்று. மற்றொரு தொடை, முன்கால்கள், முதுகுச் சதை, கழுத்து எல்லாம் நன்றாக இருந்தன. வயிற்றுச்சாறு பட்ட இடத்தை ஓடைத் தண்ணீரில் கழுவாமல், அந்தப் பகுதியை மட்டும் கத்தியால் சீவி எடுத்தார்கள். கழுவினால் அழுக்கு பரவும், சீவினால் போகும்.

மான் எப்போது செத்தது? வேட்டைக் காவலர்கள் சந்தேக வழக்குகளில் தொடைச் சதையின் ஆழத்து வெப்பத்தை வைத்து நேரத்தைக் கணிப்பது உண்டு. எங்கள் கையில் இருந்தது சமையலறை இறைச்சி வெப்பமானி. கொயோட்டி தொடாத தொடையில் குத்தினால் 26 டிகிரி காட்டியது. காற்று 8 டிகிரி. கால்கள் முழுக்க விறைத்திருந்தன. நள்ளிரவு தாண்டி, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே இருக்கலாம் என்றார் நாய்க்காரர். தோராயம்தான்.

அதைவிட உறுதியான சாட்சி மானைப் புரட்டியபோது கிடைத்தது. அது கிடந்தது மேடு. ஓடிவரும் தண்ணீர் அடியில் புக வழியில்லை. ஆனாலும் அடியிலிருந்த சருகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதாவது மழை தொடங்கி, தரை நனைந்த பிறகே அது அங்கே வந்து விழுந்திருக்கிறது. ஒரு மணி வரைக்கும் அது உயிரோடு, பெரும்பாலும் ஹெம்லாக் மரத்தடியில், படுத்திருந்தது. பத்து மணிக்கு விளக்கோடு போயிருந்தால் அதன் முகத்தில்தான் வெளிச்சம் அடித்திருப்போம்.

இதை அம்பு எய்தவரிடம் காட்டியபோது ஒப்புக்கொண்டார், முழுசாக இல்லை. முதல் படுக்கையை விட்டு மான் எதற்காக எழுந்தது என்று கேட்டார். யாரும் துரத்தாத மான் 130 மீட்டரில் படுத்தால் அங்கேயே சாகும் என்று சொன்னீர்களே, பிறகு ஏன் ஓடையைக் கடந்தது? கொயோட்டிதான் எழுப்பியிருக்க வேண்டும். செத்த பிறகு தின்னவில்லை, விழுத்தாட்டித் தின்றிருக்கிறது. நாம் காத்திருந்ததற்குப் பதில் அது வேட்டையை முடித்துக்கொண்டது என்பது அவர் கட்சி. காயத்தின் ஓரத்தில் ரத்தக்கட்டு இருந்தால் உயிரோடு கடிபட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் செத்த பிறகு. பார்த்தோம். தின்ற இடத்தை மழை கழுவி வெளுக்க வைத்திருந்தது. இருவருமே தத்தம் கட்சிக்குச் சாதகமாகத்தான் படித்தோம். நாய்க்காரர் அதற்குள் வாரைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட்டார்.